மூன்றும் ஒரே அளவு காலி

அத்தியாயம் 6

"ஆள் செத்தாத்தான் நம்மளைக் கூப்பிடுவாங்கன்னு நினைச்சேன் சித்தி. இப்ப பேட்டரி செத்தாலும் கூப்பிடறாங்க. நாளைக்கு டார்ச் லைட் செத்ததுக்கு வருவாங்க."

சித்தி ஸ்கூட்டரின் பின்சீட்டில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தாள். துப்பறிவாளருக்கு யோசிக்கும் வேலை, உதவியாளனுக்குக் குண்டும் குழியும் பார்த்து ஓட்டும் வேலை. எங்கள் நிறுவனத்தில் பணிப் பிரிவினை இப்படித்தான்.

சித்தி என்றால் தலை நரைத்த அம்மாள் என்று நினைத்துவிடாதீர்கள். என் அம்மாவுக்குக் கடைசித் தங்கை. என்னைவிட நாலே வயது மூத்தவள். சின்ன வயதில் மாங்காய் திருடப் போகும்போது "வாடி போடி"தான். அப்புறம் இந்தத் துப்பறியும் நிறுவனத்தை ஆரம்பித்து, எனக்கு வேலையும் கொடுத்துவிட்டு, "இனிமே சித்தின்னு கூப்பிடு, இல்லன்னா சம்பளம் கிடையாது" என்று சொல்லிவிட்டாள். மரியாதையை எப்படி வரவழைப்பது என்று அவளிடம்தான் கற்க வேண்டும்.

அன்று மதியம் வந்த கட்சிக்காரர் ஒரு முதலாளியம்மா. மீன்பிடிப் படகு ஒன்று அவர் பெயரில் இருந்தது. அந்தப் படகை ஓட்டும் சுக்கானி அவர் கணவர்தான். கணவரின் தம்பி எஞ்சின் பார்ப்பவர். வீட்டில் எல்லாரும் தம்பியைச் சின்னவர் என்பார்கள், நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

போன முறை கடலுக்குப் போனபோது வலையை இறக்கிவிட்டு எஞ்சினை அணைத்திருக்கிறார்கள். விடிகாலையில் கிளப்பினால் எஞ்சின் கிளம்பவில்லை. விளக்கு இல்லை. ரேடியோவும் ஊமை. நாலு பேரோடு படகு பாறைத் திட்டைப் பார்த்து நகர ஆரம்பித்துவிட்டது. வழியில் வந்த வேறொரு படகுக்காரர் கயிறு வீசியிராவிட்டால், முதலாளியம்மா எங்களிடம் வந்திருக்க மாட்டார், வேறு எங்கோ உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பார்.

"எல்லாம் என் கொழுந்தன் வேலை," என்று மேசையைத் தட்டினார். "மூணு பேட்டரிக்கும் நடுவுல ஒரு சுவிட்சு இருக்கு. அதை மாத்தி புதுசு போட்டான். போட்டதுலருந்துதான் எஞ்சின் மக்கர் பண்ணுது. அவனுக்குத் தனிப் படகு ஆசை வந்துடுச்சுங்க. எங்க பிழைப்பைக் கெடுத்துட்டுப் போகலாம்னு பார்க்கறான்."

"உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்?" என்று சித்தி கேட்டாள்.

"அவருக்குத் தம்பின்னா கண்ணு மறைச்சிடும். என் தம்பி தப்பு பண்ண மாட்டான், ஆதாரம் காட்டுங்கறாரு. சாயங்காலம் ஐஸ் ஏத்தி முடிச்சதும் படகு கிளம்பும். அதுக்குள்ள ஆதாரத்தைக் குடுங்க. புது எஞ்சின்காரர் பையோட வந்து உக்காந்தாச்சு. என் கொழுந்தன் இனிமே அந்தப் படகுல காலை வெக்கக் கூடாது. வீட்டுலயும் ரெண்டு அடுப்பு வெச்சாச்சு."

ஒரே கூரைக்குள் இரண்டு அடுப்பு. அதைச் சொல்லும்போது மட்டும் அந்த அம்மாளின் குரல் உடைந்தது. வீட்டுக்கு வாழ வந்தபோது சின்னவருக்குப் பள்ளிக்கூட வயசு, சோறு போட்டு வளர்த்த கை.

முதல் வேலையாக நாங்கள் போனது பேட்டரிக் கடைக்கு. சுக்கானி மூன்று பேட்டரிகளையும் கழற்றி சார்ஜ் ஏற்ற அங்கேதான் கொடுத்திருந்தார். கடைக்காரரின் சட்டையில் பொத்தானைவிட ஆசிட் ஓட்டைகள் அதிகமாக இருந்தன.

"பேட்டரி கெட்டுப்போச்சா?" என்று சித்தி ஆரம்பித்தாள்.

அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "என் கடைப் பேட்டரியாம்மா கெடும்? கெட்டதா இருந்தா சார்ஜ் ஏறாது. இது மூணும் பச்சக் குழந்தை பால் குடிக்கற மாதிரி இழுத்துக்குது. காலியாத்தான் வந்துச்சு, கெட்டுப்போயி வரல."

மூன்றும் பலகையின் மேல் வரிசையாக இருந்தன. ஒன்றுக்குச் சிவப்பு மூடி, இரண்டுக்கு நீலம்.

"சிவப்பு எதுக்கு?"

"எஞ்சினைக் கிளப்ப மட்டும். நீலம் ரெண்டும் விளக்கு, ரேடியோ, மீன் காட்டற கருவிக்கெல்லாம். எஞ்சின் ஓடறப்ப சுவிட்சைச் சேர்த்து வெப்பாங்க, மூணுக்கும் சார்ஜ் ஏறும். எஞ்சினை நிறுத்தினதும் ரெண்டாம் நம்பர்ல திருப்பிடணும். அப்ப நீலம் மட்டும்தான் செலவாகும், சிவப்பு அப்படியே நிக்கும். விளக்கெல்லாம் எரிஞ்சு நீலம் தீர்ந்துபோனாலும் எஞ்சின் கிளம்பிடும், கரைக்கு வந்துடலாம்."

"கடன் வாங்கினாலும் விதை நெல்லைத் தொடாதேங்கற மாதிரி," என்றேன் நான்.

"இவரு யாரு?" என்று கேட்டார் கடைக்காரர்.

"என் அக்கா பையன். கண்டுக்காதீங்க," என்றாள் சித்தி. "அப்ப சிவப்பும் காலியாத்தான் வந்துச்சா?"

"மூணும் காலி. அதுவும் ஒரே அளவு காலி. மீட்டர் வெச்சுப் பார்த்தேன், ஒண்ணுக்கொண்ணு மயிரிழை வித்தியாசம் இல்ல. இன்னொண்ணு சொல்றேன் கேளுங்க. ஒரு படகுக்கு நாலு விளக்கு எரிஞ்சா, விடியற வரைக்கும் எரிச்சாலும் பாதிகூடக் குறையாது. இவ்வளவு காலியாகணும்னா, கடலுக்குள்ள என்ன கடைத்தெருவா நடத்தறாங்க?"

வெளியே வந்ததும் நான் கையைத் தட்டினேன். "முடிஞ்சுது சித்தி. மூணும் ஒரே அளவு காலின்னா மூணும் சேர்ந்தே செலவாயிருக்கு. சுவிட்சு சேர்த்து வெச்ச மாதிரியே இருந்திருக்கு. சின்னவர் திருப்பல. ஒண்ணு மறதி, இல்லன்னா வேணும்னே. டீ சாப்பிடலாமா?"

"வேணும்னே செஞ்சவன் ரேடியோவையும் சேர்த்துச் சாகடிப்பானாடா? அவனும் அதே படகுலதானே இருந்தான்? நுனிமரத்துல உக்காந்துக்கிட்டு அடிமரத்தை வெட்டறவன் கதைலதான் வருவான்."

"அப்ப மறதி."

"மறதின்னா சுவிட்சு மட்டும்தான் தப்பா இருக்கும். விளக்கு ஏன் அவ்வளவு எரிஞ்சுது? ஒரே ராத்திரியில ரெண்டு தப்பு நடந்திருக்கு. ரெண்டையும் ஒரே ஆள் செஞ்சானா, ஏன் செஞ்சான்? வண்டியை எடு."

டீ கிடைக்கவில்லை. வழக்கம்போல.

துறைமுக மேடையில் ஐஸ் கட்டிகள் சறுக்குப் பலகையில் கடகடவென்று இறங்கிக்கொண்டிருந்தன. பாதி ஏற்றியாகிவிட்டது. புது எஞ்சின்காரர் ஒரு பெரிய பையை மடியில் வைத்துக்கொண்டு, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி அடக்கமாக உட்கார்ந்திருந்தார். அவரிடமிருந்து பத்தடி தள்ளி, வலைக் குவியலின் மேல், சின்னவர். முப்பது வயசு இருக்கும். கையில் ஒரு ஸ்பேனர், முறுக்குவதற்கு எதுவும் இல்லை. முதலாளியம்மா இருவருக்கும் நடுவே இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

சித்தி யாரிடமும் எதுவும் கேட்காமல் படகில் ஏறினாள். நானும் ஏறினேன். ஒவ்வொரு படியின் விளிம்பிலும் பளிச்சென்று வெள்ளைப் பட்டை அடித்திருந்தது. கயிறு கட்டும் கட்டைகள், கதவு நிலை எல்லாவற்றிலும் அதே வெள்ளை.

"இது யாரு அடிச்சது?" என்று சித்தி கரையைப் பார்த்துக் கேட்டாள்.

"நான்தாங்க," என்றார் சின்னவர். "படி வழுக்குது, அதுக்காக."

"வழுக்கற படிக்குப் பெயிண்ட் அடிச்சா இன்னும் நல்லால்ல வழுக்கும்?"

சின்னவர் ஸ்பேனரைப் பார்த்தார்.

விளக்குகளை எண்ணினேன். நாலு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது. அத்தனையும் புதிது, அத்தனையும் பெரிது. அரிசியில் கல் பொறுக்குவது போல வலையைச் சுத்தம் செய்துகொண்டிருந்த இரண்டு வலைக்காரர்களில் ஒருவர் சிரித்தார். "அது சுக்கானி போட்டதுங்க. நாங்க தூங்கறப்ப அவருதான் காவல். அவரு காவல்ல படகு கல்யாண வீடு மாதிரி ஜெகஜோதியா இருக்கும். வெளிச்சத்துக்கு மீன் வருமாம். மீன் வருதோ இல்லையோ, எங்களுக்குத் தூக்கம் வர்றதில்ல."

அப்போது சுக்கானியே வந்தார். ஐம்பது வயசு, அகலமான தோள், வாய் நிறையச் சிரிப்பு. "வாங்க வாங்க, வெயில்ல நிக்காதீங்க, உள்ள உக்காந்து பேசலாம்," என்று அறைக்கு அழைத்துப் போனார். சின்ன அறை, கொஞ்சம் இருட்டு. எங்களை முன்னால் அனுப்பிவிட்டு கதவு நிலையில் கையை ஊன்றி நின்றார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உள்ளே வந்தார். டீ வந்தது. (கடவுள் இருக்கிறார்.) அவர் தன் கிளாஸை எடுக்கும்போது விரலை மேசை ஓரமாகத் தடவிக்கொண்டே போய் எடுத்தார். தூசி இருக்கிறதா என்று பார்க்கிறார் போல, சுத்தக்காரர் என்று நினைத்துக்கொண்டேன்.

"என் தம்பி மேல தப்பு இல்லைங்க," என்றார். "பேட்டரி கோளாறுதான். அவன் தங்கம். நான் காவல் இருக்கறப்ப அவன் தூங்கட்டும்னு எஞ்சினைக்கூட நானே நிறுத்திடுவேன், சுவிட்சையும் பூஜ்யத்துக்குக் கொண்டுபோயி நானே ரெண்டுல திருப்பிடுவேன். அப்புறம் அவன் எங்க மறந்தான்? பொம்பளைங்க பேச்சைக் கேட்டு ரெண்டு அடுப்பு ஆகிப்போச்சு."

சித்தி டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தாள். அவளுக்கு எதுவோ கிடைத்துவிட்டது என்று அர்த்தம். வேறு எந்த நேரத்திலும் அவள் சூடான டீயை மடக்கென்று குடித்துக் குடும்பத்தில் யாரும் பார்த்ததில்லை.

"முதலாளியம்மா, எல்லாரையும் கூப்பிடுங்க. ஒரு சின்ன விளையாட்டு."

ஐஸ் ஏற்றி முடியப் போகிற நேரம். சார்ஜ் ஏறிய பேட்டரிகள் மூன்றும் கடையிலிருந்து வந்து படகில் மாட்டியாகிவிட்டது. சூரியன் கிடங்குகளுக்குப் பின்னால் இறங்கிவிட்டது. சுவிட்சுப் பெட்டி படிக்கட்டுக்கு அடியில், நிழலில் இருந்தது. சித்தி அதைப் பூஜ்யத்தில், அதாவது அணைத்த நிலையில், வைத்தாள்.

"ஒவ்வொருத்தரா வந்து இதை ரெண்டாம் நம்பர்ல திருப்புங்க. அவ்வளவுதான்."

"ஜெயிச்சா என்ன தருவீங்க?" என்று கேட்டார் முதல் வலைக்காரர். போனை எடுத்து வெளிச்சம் அடித்துப் பார்த்துத் திருப்பினார். இரண்டு. சரி. சித்தி மறுபடி பூஜ்யத்தில் வைத்தாள். இரண்டாமவர் மண்டி போட்டு, மூக்கு சுவிட்சில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து திருப்பினார். அவரும் சரி. நம்மையும் மதித்துக் கூப்பிட்டுவிட்டார்களே என்ற சந்தோஷத்தில் பைக்காரரும், அதான் அந்தப் புது எஞ்சின்காரர், பையோடு இறங்கி வந்தார்.

"இது புது மாடலுங்க," என்றார் குனிந்து பார்த்துக்கொண்டே. "பழசுல முதல் சொடுக்கு ஒண்ணு, அடுத்த சொடுக்கு ரெண்டு, கடைசி சொடுக்குதான் சேர்த்து. இதுல நடு சொடுக்கு சேர்த்து, கடைசி சொடுக்கு ரெண்டு. கம்பெனிக்காரன் இடம் மாத்தி வெச்சிருக்கான். பழைய கைப்பழக்கத்துல திருப்பினா மாட்டிக்குவோம், பார்த்துத்தான் திருப்பணும்." பார்த்தே திருப்பினார். சரி.

"அடுத்து நீங்க," என்று சித்தி சின்னவரைப் பார்த்தாள்.

அவர் முகத்தில் ரத்தம் இல்லை. பைக்காரர் பேச ஆரம்பித்ததிலிருந்தே அப்படித்தான் இருந்தது.

"வேண்டாங்க," என்றார். "விளையாட்டெல்லாம் வேண்டாம். நான்தான். நான்தான் மறந்துட்டேன். தப்பு என் மேலதான் அண்ணி. நான் போயிடறேன்."

"கேட்டுக்கிட்டீங்களா!" என்றார் முதலாளியம்மா. ஜெயித்த குரலாக இல்லை அது, யாரோ வயிற்றில் குத்திய குரல். "நாலு உயிருடா! உன் அண்ணன் உயிரும் அதுல இருந்துச்சேடா!"

நான் சித்தியின் காதில் சொன்னேன். "ஒப்புதல் வாக்குமூலம் வந்தாச்சு. பில்லைக் குடுத்துட்டுக் கிளம்பலாம்."

"அவசரப்படாதே. இன்னும் ஒருத்தர் பாக்கி." சித்தி மேலே பார்த்தாள். "சுக்கானி, நீங்களும் வந்து ஒரு தடவை திருப்புங்க."

சின்னவர் பாய்ந்து வந்து பெட்டிக்கு முன்னால் நின்றார். "அதான் ஒத்துக்கிட்டேனே! அண்ணன் எதுக்கு?"

"ஏன், அவருக்குத் திருப்பத் தெரியாதா?"

"தள்ளுடா," என்று சிரித்துக்கொண்டே படியில் இறங்கினார் சுக்கானி. வெள்ளைப் பட்டையைக் காலால் தேடித் தேடி இறங்கியதை அப்போதுதான் கவனித்தேன். "இது என்ன பெரிய வித்தையா? பொண்டாட்டி முகத்தைவிட இந்தச் சுவிட்சை எனக்கு நல்லாத் தெரியும்." கையை மட்டும் பெட்டிக்குள் விட்டார். தலை எங்களைப் பார்த்தபடி இருந்தது. சொடுக். சொடுக். "ரெண்டு. போதுமா?"

"குனிஞ்சு ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க," என்றாள் சித்தி.

குனிந்தார். கண்ணைச் சுருக்கினார். தலையை இப்படிச் சாய்த்தார், அப்படிச் சாய்த்தார்.

"ரெண்டுதான்," என்றார்.

"முதலாளியம்மா, நீங்க பாருங்க."

அந்த அம்மாள் கணவரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். சுவிட்சு நடு சொடுக்கில் நின்றது. சேர்த்து. மூன்று பேட்டரியும் ஒன்றாய். எழுத்து கட்டைவிரல் பருமனுக்குப் பளிச்சென்று இருந்தது. வெளிச்சம் குறைவுதான், ஆனால் நான் நின்ற இடத்திலிருந்தே படிக்க முடிந்தது.

எதிரே ஐஸ் பெட்டிக்குள் கடைசிக் கட்டி இறங்கிய சத்தம் கேட்டது.

"கண்ணு இப்படி எவ்வளவு நாளாங்க?" என்று மெதுவாகக் கேட்டாள் சித்தி.

சுக்கானியின் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது, எடுத்து வைக்க இடம் தெரியாமல். "போன மழைக்கு முன்னாலருந்தே," என்றார். "பகல்ல ஒண்ணுமில்லைங்க. வெளிச்சம் குறைஞ்சா எல்லாம் கரி பூசின மாதிரி ஆயிடும். அதான் விளக்கு. நிறைய விளக்கு போட்டா சமாளிச்சுடலாம்னு... சேர்த்துலயா நிக்குது? நிஜமாவா? அப்ப அன்னிக்கு... நானா?"

"நீங்கதான். நீலத்தைக் காலி பண்ணினது உங்க விளக்கு. சிவப்பைக் காலி பண்ணினது உங்க கைப்பழக்கம். பழைய சுவிட்சா இருந்தவரைக்கும் கை உங்களைக் காப்பாத்திடுச்சு."

முதலாளியம்மா தலையில் கையை வைத்துக்கொண்டார். அப்புறம் வந்தது பாருங்கள் ஒரு கோபம். "கடலுக்குள்ள நாலு உயிரை வெச்சுக்கிட்டுக் கண்ணாமூச்சியாய்யா ஆடினீங்க? ஒரு வார்த்தை என்கிட்ட சொல்ல வாய் வரலையா?"

"சொன்னா இறக்கி விட்டுடுவ. இறக்கி விட்டா நான் எங்கடி போவேன்? கரையில எனக்கு ஒழுங்கா நிக்கக்கூடத் தெரியாது."

அந்த அம்மாள் கொழுந்தன் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமாடா?"

"கண்ணு சரியில்லைன்னு தெரியும் அண்ணி. அதான் பட்டை அடிச்சேன். சுவிட்சு விஷயம் அன்னிக்குப் பாறைகிட்ட நிக்கறப்பதான் புரிஞ்சுது. சேர்த்துல இருந்துச்சு. நான் திருப்பல."

"புரிஞ்சும் ஏன்டா வாயைத் திறக்கல? நான் அத்தனை பேச்சுப் பேசினேனே! திருடன்னுகூடச் சொன்னேனே!"

சின்னவர் ஸ்பேனரைக் கை மாற்றினார். "அண்ணனுக்குக் கண்ணு தெரியலன்னு நான் சொன்னா, அடுத்த சுக்கானி யாரு? நான்தானே? அண்ணனை இறக்கிட்டுத் தம்பி ஏறிட்டான்னுதானே ஊரு பேசும். நீங்களும் அப்படித்தான் நினைச்சிருப்பீங்க அண்ணி. எப்படிச் சொல்றது?"

அந்த அம்மாள் அழுதார். மறைக்காமல், முந்தானையைக் கூட எடுக்காமல் அழுதார். "அப்படித்தான்டா நினைச்சிருப்பேன்," என்றார். "சத்தியமா அப்படித்தான் நினைச்சிருப்பேன். என்னை மன்னிச்சுடு தம்பி." பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தார். அவருக்குள் இருந்த முதலாளி திரும்பி வந்துவிட்டார். "இன்னியிலருந்து சுக்கானை நீ பிடி. பைக்காரரே, எதுக்கு முழிக்கறீங்க, ஏறுங்க. எஞ்சினுக்கு ஆள் வேணும்ல?"

பைக்காரர் இரண்டே தாவலில் எஞ்சின் பக்கம் போய்விட்டார். யாரையும் விரட்டாமல் வேலை கிடைத்த ஒரே மனிதர் உலகத்தில் அவராகத்தான் இருக்க வேண்டும்.

"நீங்க இறங்குங்க," என்றார் முதலாளியம்மா கணவரிடம். "நாளைக்குக் கண் டாக்டர்கிட்ட போறோம். அவர் சரியாயிடும்னு சொன்னா மறுபடி ஏறலாம். சொல்லலன்னா..."

சுக்கானி மறுக்கவில்லை. சின்னவர் கையை நீட்டினார், அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். இறங்கி நின்றதும் தம்பியின் கன்னத்தை ஒரு தட்டுத் தட்டினார். "பாறைத் திட்டுல இடப்பக்கம் ஒதுங்கிப் போ," என்றார். "தெரியும்ண்ணா," என்றார் சின்னவர். தெரிந்த விஷயம்தான். இருந்தாலும் அவர் இன்னொரு தடவை சொன்னார், சின்னவரும் இன்னொரு தடவை தலையாட்டினார்.

எஞ்சின் முதல் தடவையிலேயே கிளம்பியது. படகு மேடையை விட்டு விலகியது. தண்ணீர் ஈய நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. எனக்கும் சித்திக்கும் அங்கே இனி வேலை இல்லை, ஆனால் இருவருமே கிளம்பவில்லை.

"படகு துறைமுக வாயைத் தாண்டிடுச்சா?" என்று கேட்டார் சுக்கானி.

"இன்னும் இல்ல," என்றார் அவர் மனைவி. "உங்க தம்பி கையை ஆட்டறான். நீங்களும் ஆட்டுங்க."

அவர் கையை உயர்த்தி ஆட்டினார், சிரித்துக்கொண்டே, காலியாகக் கிடந்த தண்ணீரைப் பார்த்து. அந்த அம்மாள் அவர் முழங்கையைப் பிடித்து, படகு இருந்த பக்கமாகக் கொஞ்சம் திருப்பிவிட்டார்.